இரண்டு முகமும் தெரியாத படம்

வரலாற்றுக் கட்டுரைக்குப் பழைய படம் தேடும்போது பத்திரிகை அலுவலகத்தில் வரும் உத்தரவு ஒன்றுதான்: "முகம் பளிச்சுன்னு இருக்கட்டும், மத்ததை வெட்டிடுங்க." படப்பிரிவிலேயே காலம் தள்ளிய எனக்கு இதில் என்றைக்கும் உடன்பாடு இல்லை. ரைட் சகோதரர்கள் என்றால் மீசை வைத்த ஆர்வில், வழுக்கைத் தலை வில்பர் என்று இரண்டு தலைகளைப் போட்டு முடித்துவிடுகிறோம். அவர்களுடைய விமானம் முதன்முதலில் எழும்பியதைக் காட்டும் படத்திலோ இருவர் முகமும் தெரியாது.

1903 டிசம்பர் 17. அமெரிக்காவின் வட கரோலினாவில் கிட்டி ஹாக் ஊருக்கு அருகே ஒரு மணல்வெளி. ஆர்வில் கீழ் இறக்கையில் குப்புறப் படுத்திருக்கிறார். இறக்கையைப் பிடித்தபடி கூடவே ஓடிவந்த வில்பர், அப்போதுதான் கையை எடுத்திருக்கிறார். நமக்குத் தெரிவது அவர் முதுகு. விமானம் இரண்டடி உயரத்தில் நிற்கிறது. கீழே காலடித் தடங்கள், ஒரு மண்வெட்டி, எஞ்சினைக் கிளப்ப வைத்திருந்த காயில் பெட்டி. மொத்தமே 12 விநாடி, 120 அடி.

வெட்டும்போது முதலில் போவது அந்த மண்வெட்டியும், விமானம் ஓடிக் கிளம்பிய தண்டவாளமும்தான். அந்த 60 அடித் தண்டவாளத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். மூன்று நாள் முன்பு அதை மணல்மேட்டுச் சரிவில் போட்டு வில்பர் முயன்றார். எழும்பிய வேகத்தில் விழுந்து விமானம் அடிபட்டது. 17ஆம் தேதி அது சமதரையில் கிடக்கிறது. சரிவில் உருண்டு எழும்பவில்லை, எஞ்சின் பலத்தில்தான் எழும்பியது என்பதற்குச் சாட்சியே படத்தின் அந்த ஓரம்தான். சகோதரர்கள் பறந்ததையே பலர் நம்ப மறுத்த காலம் ஒன்று இருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அடுத்தது, எடுத்தவர் பெயர். முக்காலியில் கேமராவை நிறுத்தி, தண்டவாளத்தின் முனைக்குக் குறிவைத்தவர் ஆர்வில். ரப்பர் குமிழை அழுத்தியவர் ஜான் டேனியல்ஸ், பக்கத்துக் கடலோர உயிர்காப்பு நிலையத்து ஊழியர், கேமரா பழக்கமே இல்லாதவர். அன்றைக்கே காற்று விமானத்தைப் புரட்டிப்போட்டபோது அதில் சிக்கி உருண்டு அடிபட்டவரும் அவரே. 'குமிழை அழுத்தியதற்கெல்லாம் பெயரா?' என்று கேட்பார்கள். கொஞ்சம் முந்தியோ பிந்தியோ அழுத்தியிருந்தால் விமானம் எழும்பிய அந்தக் கணம் நம் கையில் மிஞ்சியிருக்காது. சொந்த ஊரான டேட்டன் நகருக்குத் திரும்பி இருட்டறையில் கழுவும்வரை ஆர்விலுக்கே படம் விழுந்ததா என்று தெரியாது.

1913இல் டேட்டனில் வந்த வெள்ளத்தில் அந்தப் படத்தின் கண்ணாடி நெகட்டிவும் நனைந்தது. ஒரு மூலையில் மருந்துப் பூச்சு உரிந்தது. படத்திலுள்ள விமானத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. வெள்ளம் விட்டுவைத்ததை நாம் வெட்டுகிறோம்! இப்போது கம்ப்யூட்டரில் நீலவானம் பூசி, உரிந்த மூலையையும் ஒட்டிச் சுற்றவிடுகிறார்கள். அதற்குப் படமே வேண்டாம், ஓவியமே வரைந்துகொள்ளலாம்.

பாடநூல் தயாரிப்பவர்களும் பத்திரிகைக்காரர்களும் இடமில்லை என்று சொல்ல வேண்டாம். இரண்டு தலைகளுக்குக் கொடுக்கும் இடத்தில் முழுப்படத்தையும் அகலவாக்கில் வைக்கலாம். அடியில் ஒரு வரி: அமைத்தவர் ஆர்வில் ரைட், எடுத்தவர் ஜான் டேனியல்ஸ், 1903.