ஹாலோவீன்: பள்ளிக்கூடத்தில் யாருக்குக் கொண்டாட்டம்?

அக்டோபர் மாதம் பிறந்துவிட்டால் போதும், அமெரிக்கத் தொடக்கப் பள்ளிகளின் நிறமே மாறிவிடும். வகுப்பறைக் கதவுகளில் கறுப்புக் காகிதத்தில் வெட்டிய வௌவால்கள், ஜன்னல்களில் பஞ்சைப் பிரித்து ஒட்டிய சிலந்தி வலை, ஆசிரியரின் மேசை மேல் ஒரு பரங்கிக்காய். மாத நடுவில் பிள்ளைகளின் பையில் ஒரு சுற்றறிக்கை வீட்டுக்கு வரும். 31-ஆம் தேதி மதியம் மாறுவேட ஊர்வலம், அதன்பின் வகுப்பறையில் பார்ட்டி. முகமூடி கூடாது. பொம்மைக் கத்தி, துப்பாக்கி கூடாது. ரத்தக்கறை கூடாது. சின்னப் பிள்ளைகள் பயப்படும்படி எந்த வேடமும் கூடாது. கலந்துகொள்ள விருப்பம் இல்லாதவர்கள் முன்கூட்டியே தெரிவித்தால் மாற்று ஏற்பாடு செய்து தரப்படும்.

அந்தக் கடைசி வரியைப் பெரும்பாலான பெற்றோர்கள் கவனிப்பதே இல்லை. கவனிக்க வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை. ஆனால் சில வீடுகளில் அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டுதான் அன்று இரவு முழுக்கப் பேச்சு. யெகோவாவின் சாட்சிகள் சபையினர் ஹாலோவீன் கொண்டாடுவதில்லை. பல முஸ்லிம் குடும்பங்களும், வைதீக யூதக் குடும்பங்களும், பேய் பிசாசை விளையாட்டாக எடுத்துக்கொள்ள மனம் ஒப்பாத கிறிஸ்தவக் குடும்பங்களும் ஒதுங்கியே இருக்கின்றன. இந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் "மாற்று ஏற்பாடு" என்ன? நூலகத்தில் ஒரு நாற்காலி, வண்ணம் தீட்ட ஒரு தாள். இல்லையென்றால் அன்று மதியமே அம்மா வந்து வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும். ஏழு வயதுப் பிள்ளை ஒன்று ஜன்னல் வழியாகத் தன் வகுப்பே ஊர்வலம் போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அது செய்த குற்றம்தான் என்ன?

ஹாலோவீன் கெட்ட பண்டிகை என்பதல்ல இங்கே வாதம். அது நல்ல பண்டிகைதான். அது வகுப்பு நேரத்துக்குள் வரக்கூடாது என்பதுதான் வாதம்.

முதலில் இந்தப் பண்டிகை எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். பழைய அயர்லாந்தில் அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் வேளையில் சாவின் என்றொரு விழா இருந்தது. அன்றிரவு இறந்தவர்கள் திரும்பி வருவார்கள் என்று நம்பினார்கள். பிற்பாடு நவம்பர் 1 கிறிஸ்தவத் திருச்சபையின் சகல புனிதர்கள் திருநாள் ஆனது. அதற்கு முந்தைய மாலைக்கு ஏற்பட்ட பெயர்தான் நாளடைவில் ஹாலோவீன் என்று சுருங்கியது. 1840-களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் கூட்டம் கூட்டமாக அமெரிக்காவுக்குக் கப்பலேறிய அயர்லாந்து மக்கள் இந்த வழக்கத்தையும் கையோடு கொண்டுபோனார்கள். ஊரில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தவர்களுக்கு, போன இடத்தில் குடைவதற்கு இன்னும் எளிதான பரங்கிக்காய் கிடைத்தது.

பிள்ளைகள் வேடம் போட்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் கேட்கும் வழக்கம் அமெரிக்காவில் பரவியது 1930-களில்தான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சர்க்கரைக்கு ரேஷன் வந்ததால் கொஞ்சம் அடங்கியது. போர் முடிந்தபின் நாடு முழுக்க வேரூன்றிவிட்டது.

இந்த வழக்கத்தில் எழுதப்படாத விதி ஒன்று இருக்கிறது. வாசல் விளக்கு எரிந்தால் "வாருங்கள்" என்று அர்த்தம். அணைந்திருந்தால் அந்த வீட்டைத் தாண்டிப் போய்விட வேண்டும். கதவைத் தட்டி ஏன் என்று கேட்பதில்லை. அந்த வீட்டுக்காரருக்கு மதம் காரணமாக இருக்கலாம், உடம்பு சரியில்லாமல் இருக்கலாம், கையில் காசு இல்லாமல் இருக்கலாம், சும்மா பிடிக்காமலும் இருக்கலாம். யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு சுவிட்சைத் தட்டினால் போதும். எவ்வளவு நாகரிகமான ஏற்பாடு!

பள்ளிக்கூடத்துக்கு அப்படி ஒரு வாசல் விளக்கு கிடையாது. அங்கே பிள்ளை வருவது விருப்பப்பட்டு அல்ல, சட்டப்படி வந்தாக வேண்டும். வந்த இடத்தில் பண்டிகை நடந்தால் அதற்குள் இருந்தாக வேண்டும், அல்லது எல்லோர் முன்னிலையிலும் எழுந்து வெளியே போக வேண்டும். தெருவில் யாருக்கும் தெரியாமல் ஒதுங்கியிருக்கக் கூடிய ஒரு குடும்பத்தை, பள்ளி கடிதம் எழுதி விளக்கம் சொல்ல வைக்கிறது. பெரியவர்களுக்குக் கூடச் சங்கடமான இந்தக் காரியத்தின் பாரம் கடைசியில் இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் தலையில்தான் இறங்குகிறது. "நீ ஏன் வரல?" என்று பக்கத்து பெஞ்சுப் பையன் கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியது அதுதானே!

"விருப்பம் இல்லாதவர்களுக்குத்தான் விலக்கு கொடுத்துவிட்டோமே" என்பார்கள். இந்தப் பதில் புதிதல்ல. பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு காலத்தில் பள்ளி நாள் பைபிள் வாசிப்போடுதான் தொடங்கும். பெற்றோர் கடிதம் கொடுத்தால் பிள்ளைக்கு விலக்கு உண்டு. இதை எதிர்த்து எட்வர்ட் ஷெம்ப் என்பவரின் குடும்பம் வழக்குப் போட்டது. விலக்கு இருந்தும் ஏன் கேட்கவில்லை என்பதற்கு அவர் விசாரணையில் சொன்ன காரணம் கவனிக்க வேண்டியது. விலக்கு வாங்கினால் தன் பிள்ளைகளை எல்லோரும் விசித்திரப் பிறவிகளாகப் பார்ப்பார்கள், வகுப்புக்கு வெளியே நடைவழியில் நிற்க வேண்டி வரும், நடைவழியில் நிற்பது தண்டனை வாங்கியவன் நிற்கும் இடம் என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும் என்றார் அவர். 1963-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தக் குடும்பத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. விலக்கு உண்டு என்பதனால் அந்த வழக்கம் செல்லுபடியாகிவிடாது என்றும் சொன்னது.

ஹாலோவீனும் பைபிள் வாசிப்பும் ஒன்றா என்று கேட்கலாம். சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல. பள்ளியில் சூனியக்காரி படமும் துடைப்பமும் வைப்பது மதத்தைத் திணிப்பதாகாது என்று 1994-இல் ஃப்ளோரிடா மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்திருக்கிறது. இருக்கட்டும். பள்ளிக்கு வழக்கு வராது என்பது வேறு, பிள்ளைக்கு வலிக்காது என்பது வேறு. நூலகத்தில் தனியாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குத் தீர்ப்பின் நகலைக் காட்டியா சமாதானம் சொல்ல முடியும்? நடைவழியில் நிற்பதைப் பற்றி ஷெம்ப் சொன்னது பைபிளுக்கு மட்டும் பொருந்துவதல்ல.

மதத்தை விட்டுவிடுங்கள். காசு இருக்கிறது. 2023-இல் அமெரிக்கர்கள் ஹாலோவீனுக்குச் செலவிடும் தொகை 1,220 கோடி டாலர் என்று அந்நாட்டுச் சில்லறை வணிகர் கூட்டமைப்பு மதிப்பிட்டது. இந்தப் பணம் எல்லா வீட்டிலும் சமமாக இல்லை. ராத்திரி இருட்டில் பழைய போர்வையில் இரண்டு ஓட்டை போட்டுக்கொண்டு போனால் அதுவும் பேய்தான், கடையில் வாங்கிய உடுப்பில் போனால் அதுவும் பேய்தான். இரண்டு பேருக்கும் ஒரே மிட்டாய். பட்டப்பகலில், பெற்றோர்கள் இருபுறமும் செல்போன் கேமராவோடு நிற்க, வரிசையாக நடக்கவிட்டால் என்ன ஆகும்? கடையில் வாங்கிய சூப்பர்மேன் எது, அக்காவின் பழைய சட்டை எது என்று பளிச்சென்று தெரியும். போதாததற்குச் சில வகுப்புகளில் சிறந்த வேடத்துக்குப் பரிசு வேறு!

"ஆண்டுக்கு 180 பள்ளி நாட்களில் ஒரு மதியம்தானே, இதைப் போய்ப் பெரிதுபடுத்துவதா?" என்பது அடுத்த கேள்வி. ஒரு மதியம் அவ்வளவு சின்ன விஷயம் என்றால் அதை விட்டுக்கொடுப்பதும் சின்ன விஷயம்தானே? 2023-இல் நியூ ஜெர்சி மாநிலத்தில் சவுத் ஆரஞ்ச்–மேப்பிள்வுட் பள்ளி மாவட்டம் பள்ளி நேரத்தில் ஹாலோவீன் கொண்டாடுவதில்லை என்று முடிவெடுத்தபோது, அப்போதைய ஆளுநர் பில் மர்ஃபியே சமூக வலைத்தளத்தில் வந்து கேலி செய்தார். பிள்ளைகளின் சந்தோஷத்தையே பறித்துவிட்டதைப் போல ஒரு கூச்சல். அன்று சாயங்காலம் அந்த ஊர்த் தெருக்களை யாரும் பூட்டி வைக்கப்போவதில்லையே!

வேறு சில பள்ளிகள் இன்னொரு தந்திரம் செய்கின்றன. பண்டிகையின் பெயரை மட்டும் "இலையுதிர்கால விழா" என்று மாற்றிவிட்டு, அதே நாளில், அதே வேடத்தோடு, அதே மிட்டாயோடு நடத்துகின்றன. இதில் யாருக்கும் நன்மை இல்லை. ஒதுங்க நினைக்கிற குடும்பத்துக்கு எதிலிருந்து ஒதுங்குகிறோம் என்று சொல்லக்கூட முடியாமல் போகிறது. கொண்டாடுகிற பிள்ளைக்குப் பேய் இல்லாத, ரத்தம் இல்லாத, பயம் இல்லாத ஒரு சப்பென்ற பண்டிகை கிடைக்கிறது. பேய்த் திருநாளில் பேய்க்கே அனுமதி இல்லை!

இத்தனைக்கும் பெரியவர்கள் இந்தப் பண்டிகைக்கு விழா ஏற்பாடு செய்யத் தொடங்கியதற்கு அந்தக் காலத்தில் ஒரு நியாயம் இருந்தது. ஹாலோவீன் இரவில் இளைஞர்கள் செய்த குறும்பு எல்லை மீறிப் போயிருந்தது. மினசோட்டா மாநிலத்தின் அனோகா நகரில் ஒரு வருடம் காலையில் எழுந்து பார்த்தால் மாடுகள் கடைத்தெருவில் திரிந்தனவாம். இதைத் தடுக்கத்தான் 1920-இல் அந்த ஊர்ப் பெரியவர்கள் ஊர்வலமும் விருந்துமாக ஒரு விழாவை ஏற்பாடு செய்தார்கள். பின்னர் மற்ற ஊர்களிலும் பள்ளிகளும் சங்கங்களும் இதே வழியில் இறங்கின. இன்று இரண்டாம் வகுப்புப் பிள்ளை யாருடைய மாட்டை அவிழ்த்துவிடப் போகிறது? காரணம் போய் வெகுகாலம் ஆகிவிட்டது, பார்ட்டி மட்டும் மிஞ்சியிருக்கிறது.

எதிர்த்தரப்பில் ஒரே ஒரு வாதத்துக்குத்தான் உண்மையான வலு உண்டு. எல்லாப் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பான தெரு இல்லை. துப்பாக்கிச் சத்தம் கேட்கும் பகுதிகள் இருக்கின்றன. அடுத்த வீடு ஒரு மைல் தள்ளி இருக்கும் பண்ணைகள் இருக்கின்றன. அப்பா அம்மா இருவருக்கும் இரவு ஷிப்ட் இருக்கும் வீடுகள் இருக்கின்றன. இந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளியை விட்டால் வேறு ஹாலோவீன் கிடையாது. இது உண்மை. இதற்குப் பதில் சொல்லாமல் "நிறுத்து" என்று மட்டும் சொன்னால் அது ஒரு பிள்ளைக்காக இன்னொரு பிள்ளையை அழவைப்பதாகிவிடும்.

பதில் இருக்கிறது, கடினமானதும் அல்ல. கட்டடம் அதே இருக்கட்டும், நேரத்தை மட்டும் மாற்றுங்கள். கடைசி மணி அடித்தபின் உணவுக்கூடத்தைத் திறந்துவிடுங்கள். ஏற்கெனவே பல ஊர்களில் வாகன நிறுத்துமிடத்தில் கார் டிக்கியைத் திறந்து அலங்கரித்து, அதிலிருந்து மிட்டாய் கொடுக்கிறார்கள். அதையே பள்ளி வளாகத்தில் மாலையில் நடத்தலாம். பெற்றோர் இரவு வேலைக்குப் போகும் பிள்ளைகளை அதுவரை பள்ளியிலேயே வைத்திருந்து, பேருந்தில் வீட்டில் கொண்டுபோய் விடலாம். சிறியதாகிப்போன பழைய உடுப்புகளை ஒரு பெட்டியில் சேர்த்து வைத்தால் இல்லாதவர்கள் எடுத்துக்கொள்ளலாம். வேர்க்கடலை ஒவ்வாத பிள்ளைக்கு மிட்டாய்க்குப் பதில் பொம்மையும் பென்சிலும் வைக்கலாம். நீலப்பச்சை நிறப் பரங்கிக்காயை வாசலில் வைத்து இதைச் செய்யும் வழக்கம் 2014 முதல் நாடு முழுவதும் பரவியிருக்கிறது. வர விரும்பாத பிள்ளை வழக்கம்போல வீட்டுக்குப் போகும். யாருக்கும் கடிதம் எழுத வேண்டாம், யாரும் நூலகத்தில் உட்கார வேண்டாம். மறுநாள் வகுப்பில் அது பத்தோடு பதினொன்றாக உட்கார்ந்திருக்கும்.

அப்படி ஒரு நேர மாற்றத்தால் கொண்டாடுகிற பிள்ளைக்கு என்ன நஷ்டம்? ஒன்றும் இல்லை. சொல்லப்போனால் லாபம்தான். பகல் இரண்டு மணிக்கு, ட்யூப் லைட் வெளிச்சத்தில், கணக்கு வாய்ப்பாட்டுக்குக் கீழே நின்றுகொண்டு எந்தப் பேயால் யாரைப் பயமுறுத்த முடியும்? இருட்டிய பிறகு போகட்டும். எரிகிற விளக்கைப் பார்த்துக் கதவைத் தட்டட்டும். அணைந்த விளக்கைப் பார்த்தால் ஏன் என்று கேட்காமல் அடுத்த வீட்டுக்கு நடக்கட்டும். அந்த ஒரு பாடத்தைத் தெருவே கற்றுக் கொடுத்துவிடும். பள்ளிக்கூடம் குறுக்கே வராமல் இருந்தால் போதும்.