வீட்டு வளவுக்குள் ஒரு தடாகம்



இம்மாதம் ஒரு கடிதத்தை எடுத்துக் கொள்கிறேன். கிழக்கிலங்கையின் கரையோர ஊரொன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கணவர் கட்டாரில் தொழில் செய்கிறார். புது வீட்டு வேலை முடியுந் தறுவாயில் இருக்கிறது. பின்வளவில் ஒரு நீச்சல் தடாகமும் கட்டிவிடுவோம் என்பது கணவரின் விருப்பம். "நம் பெண்கள் ஹோட்டல்களிலும் கடற்கரையிலும் குளிக்க முடியாது; வீட்டில் இருந்தால் மறைவாகக் குளிக்கலாமே" என்கிறாராம். உம்மாவோ இது வீண்விரயம் என்கிறாராம். "மௌலவி, இது இஸ்ராஃப் ஆகுமா?" என்று கேட்கிறார் சகோதரி.

நீச்சல் கற்பது வீண் விளையாட்டல்ல. வீண் பொழுதுபோக்கில் சேராதவை என்று ஹதீஸில் எண்ணிச் சொல்லப்பட்ட நான்கு காரியங்களில் அதுவும் ஒன்று. நம் பெண்களுக்கு அது தேவை என்பதை 2004 டிசம்பர் 26 காட்டிவிட்டுப் போனது. சுனாமிக்குப் பின் அம்பாறை மாவட்டத்து முகாம்களில் நடந்த ஆய்வில், ஆண்களைவிடப் பெண்களும் சிறு பிள்ளைகளும் கூடுதலாக இறந்திருந்தது தெரிய வந்தது. அதற்குக் காரணங்கள் பல. ஆனாலும் கடலோரத்தில் பிறந்து வளர்ந்து, நெஞ்சளவு தண்ணீரில் ஒரு நிமிடம் மிதக்கத் தெரியாத பெண்கள் நம்மில் எத்தனை பேர்! ஆகவே அந்தக் கணவரின் எண்ணத்தை நான் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் நீந்தப் பழகுவது வேறு, தடாகம் கட்டுவது வேறு. சகோதரியே, ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக் கொள்ளுங்கள்.

24 அடி நீளம், 12 அடி அகலம், சராசரி நாலரை அடி ஆழம் என்று வைப்போம். வீட்டுத் தடாகத்தில் இது பெரியதல்ல. இதை நிரப்ப ஏறக்குறைய 36,700 லீற்றர் தண்ணீர் வேண்டும். தண்ணீர் பில்லில் ஒரு யூனிட் என்பது 1,000 லீற்றர். ஆக 36 யூனிட்டுக்கு மேல். உங்கள் வீட்டுப் பில்லை எடுத்து மாதம் எத்தனை யூனிட் போகிறது என்று பாருங்கள். யூனிட் கூடக் கூட ஒரு யூனிட்டின் விலையும் ஏறும் என்பது உங்களுக்குத் தெரியும். நிரப்பியதோடு முடிவதுமில்லை. வெயில் காலத்தில் நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் ஆவியாகிப் போனால், அதுவே 130 லீற்றருக்கு மேல். தண்ணீரைச் சுற்றிச் சுத்திகரிக்கும் மோட்டர் ஒரு குதிரைவலு என்றாலும், நாளுக்கு ஆறு மணித்தியாலம் ஓடினால் மாதத்துக்குக் குறைந்தது 135 யூனிட் கரண்ட். குளோரின் வேறு. 2022 இல் ஒரே நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். மோட்டர் நின்று, மருந்தும் போடாமல் விட்டால் சில நாட்களில் தண்ணீர் பச்சையாகிவிடும்.

கிணற்றுத் தண்ணீர் இருக்கிறதே, பில் இல்லையே என்பீர்கள். அங்கேதான் எனக்குக் கூடுதல் கவலை. கரையோர மணல் ஊர்களில் நல்ல தண்ணீர், கீழே உள்ள உவர் நீரின் மேல் மெல்லிய படையாக நிற்கிறது. பெரிய மோட்டர் வைத்து ஒரேயடியாக இறைத்தால் உவர் மேலே ஏறும். அது உங்கள் கிணற்றோடு நிற்காது. வேலிக்கு அப்பால் உள்ளவரின் கிணற்றுக்கும் போகும். வடிகட்டியைக் கழுவி வெளியே விடும் குளோரின் தண்ணீரும் அதே மணலில்தான் இறங்கும். இஸ்ராஃபா என்று கேட்டீர்கள். நான் முதலில் அயலவரின் ஹக்கைப் பார்ப்பேன்.

இனி மறைவு. கணவர் சொல்லும் காரணமே அதுதானே? நம் ஊர்களில் வீடுகள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. மதிலை ஏழடிக்கு உயர்த்தலாம்; பக்கத்து வீட்டு மேல்மாடி ஜன்னலை என்ன செய்வது? இன்று மாடி இல்லாத வீட்டுக்கு நாளை மாடி வரும். தடாகத்துக்கு மேல் கூரை போடலாம், அதற்கு இன்னொரு செலவு. கூரை இல்லாவிட்டால் நீங்கள் இஷாவுக்குப் பிறகு இருட்டில்தான் இறங்குவீர்கள். பகலில் மகன்மாரும் மச்சான்மாரும் அவர்களின் கூட்டாளிகளும் குளிப்பார்கள். நீங்கள் உள்ளே தேநீர் ஊற்றிக் கொண்டிருப்பீர்கள். மருந்து போடவும் துப்புரவு செய்யவும் கிழமைக்கொரு தரம் ஓர் அந்நிய ஆண் வளவுக்குள் வருவார், அதுவும் கணவர் வெளிநாட்டில் இருக்கும் வீட்டில். பெண்களுக்கென்று கட்டி ஆண்கள் குளிக்கும் தடாகம் எனக்குச் சரியாகப் படவில்லை.

எல்லாவற்றையும் விடப் பெரியது பிள்ளைகள். 2021 இல் உலகில் ஏறக்குறைய மூன்று இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. அவர்களில் நாலில் ஒரு பங்கினர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். சிறு பிள்ளை மூழ்கும்போது பெரும்பாலும் சத்தம் வராது. அடுப்பில் பால் பொங்கும் நேரம் போதும். பெருநாளன்று சாச்சி பிள்ளைகள், மாமி பிள்ளைகள் என்று வீடு நிறைந்திருக்கும்போது யார் கண் தடாகத்தில் இருக்கும்? கட்டுவதென்றால் நாலு பக்கமும் வேலி வேண்டும். நாலடி உயரத்துக்குக் குறையக் கூடாது, பிள்ளை பிடித்து ஏறக் குறுக்குக் கம்பி இருக்கக் கூடாது. கதவு தானாகச் சாத்தித் தானாகப் பூட்டிக் கொள்ள வேண்டும். வீட்டுச் சுவரையே நாலாவது பக்கமாக வைத்துவிடாதீர்கள். சமையலறைக் கதவால் பிள்ளை நேரே தண்ணீருக்குப் போய்விடும். வேலிக்குப் பணம் மிஞ்சாவிட்டால் தடாகத்துக்கும் பணம் இல்லை என்றுதான் அர்த்தம்.

கவனிக்காமல் விட்ட தடாகத்தில் நுளம்புக் குடம்பி வளர ஒரு கிழமை, பத்து நாள் போதும். 2017 இல் இந்நாட்டில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு கண்டது. குடும்பத்தோடு கட்டாருக்குப் போய் இரண்டு மாதம் நின்றுவிட்டு வரும் வீடுகளுக்கு இது பொருந்தவே பொருந்தாது.

சுடுநீர்த் தொட்டி, 'ஸ்பா' என்பதையும் சகோதரி ஓர் ஓரத்தில் எழுதியிருந்தார். தண்ணீர் குறைவு, இடமும் குறைவு, உண்மைதான். நுவரெலியாக் குளிருக்கு அது சரி. நம் பக்கத்து வெக்கையில் 40 பாகைத் தண்ணீரில் போய் உட்காருவானேன்? கர்ப்பிணிகள், அதிலும் முதல் மாதங்களில் உள்ளவர்கள், அதில் இறங்கவே வேண்டாம்.

அப்படியானால் யாருக்குப் பொருந்தும்? கிழக்கில் நம் வழக்கப்படி அக்கா தங்கை வீடுகள் ஒரே வளவில் அடுத்தடுத்து இருக்குமே, அப்படி நாலு வீட்டார் செலவையும் காவலையும் பங்கிட்டு, பெண்களுக்கென்று பகலில் நேரம் ஒதுக்கி, கூரையும் வேலியும் போட்டு ஒன்றைக் கட்டினால் அதை நான் விரயம் என்று சொல்லமாட்டேன். ஒரு நிபந்தனை: சீதன வீட்டுப் பட்டியலில் இதைச் சேர்த்து விடாதீர்கள். டைல்ஸும் ஏசியும் சேர்ந்ததே போதும். பெண் பிள்ளைகளைப் பெற்ற வாப்பாமார் பாவம்.

தனி வீட்டுக்காரருக்கு என் யோசனை வேறு. மறைவான தடாகத்தோடு கூடிய விடுதி வீட்டை ஒரு நாளுக்கு எடுங்கள். நாலைந்து குடும்பத்துப் பெண்கள் சேர்ந்தால் தலைக்கு விழும் செலவு அதிகமல்ல. நீச்சல் பழக்கும் ஒரு பெண்ணையும் அழைத்துக் கொள்ளுங்கள். கமரா எங்கே இருக்கிறது, ஆண் வேலையாட்கள் எப்போது வருவார்கள் என்பதை முன்கூட்டியே கேளுங்கள். ஒரு வருடம் இப்படிப் போய்ப் பாருங்கள். எத்தனை தரம் போனீர்கள் என்று கலண்டரில் குறித்து வைத்து, அதைக் கணவருக்கு அனுப்புங்கள்.

கடிதத்தில் இன்னொரு கேள்வியும் உண்டு: குளோரின் மணக்கும் தடாகத்தில் மூழ்கினால் கடமையான குளிப்பு நிறைவேறுமா? நிறைவேறும். மருந்தால் வரும் சிறு மணம் தண்ணீர் என்ற பெயரை மாற்றிவிடாது. குல்லதைன் அளவு ஏறக்குறைய 200 லீற்றர்தான். தடாகத்துத் தண்ணீர் அதைவிடப் பன்மடங்கு. நிய்யத் வைத்து, முடியின் அடி வரைக்கும் தண்ணீர் சேரும்படி மூழ்க வேண்டும். நீச்சல் தொப்பி போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள். நகப்பூச்சு இருந்தால் அதையும் முன்னரே நீக்கிவிடுங்கள். வல்லாஹு அஃலம்.