ஒப்பாரியை நடிப்பென்று ஒதுக்கலாமா?

இழவு வீட்டில் ஒரு பெண் மாரில் அடித்துக்கொண்டு அழுதால், 'ஓவர் ஆக்டிங்' என்று சொல்ல இன்று பலரும் தயங்குவதில்லை. கைபேசியில் படம்பிடித்து, கேலி வாசகம் சேர்த்துச் சுற்றுக்கு விடுகிறவர்களும் உண்டு. சற்று முன்புவரை சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தவர், உறவுக்காரி ஒருத்தி வாசலில் நுழைந்ததும் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு ராகம் இழுக்கிறாரே, இது நடிப்பில்லையா என்பது அவர்கள் கேள்வி.

நடிப்புத்தான். ஆனால் பொய் இல்லை.

வட்டமாக உட்கார்ந்து தோளோடு தோள் சேர்த்து ஆடுவதும், ஒருவர் அடியெடுக்க மற்றவர்கள் தொடர்வதும், அடி முடிகிற இடத்தில் மூக்கைச் சிந்தி மூச்சு வாங்குவதும் தாயும் அத்தையும் அழக் கண்டும் கேட்டும் பழகியவை. முறைதான் பழகியது; துயரம் உண்மை. தொல்காப்பியம் அழுகைக்கு இழவை மட்டும் காரணமாகச் சொல்லவில்லை; இளிவு (இகழ்ச்சி), அசைவு (தளர்ச்சி), வறுமை ஆகியவற்றையும் சேர்த்தே சொல்கிறது. ஒப்பாரியில் இந்த நான்கும் கலந்துதான் வருகின்றன. தமிழ்நாட்டு ஒப்பாரிகளை ஆராய்ந்த மானுடவியலாளர் இசபெல் கிளார்க்-டெசெஸ் 2005இல் வெளியிட்ட ஆங்கில நூலின் தலைப்பே 'இறந்தவருக்காக யாரும் அழுவதில்லை' என்பதுதான். பிணத்தின் முன்னால் உட்கார்ந்து பெண்கள் அழுவது பெரும்பாலும் தங்கள் கதையை.

அந்தக் கதையில் அடிக்கடி வருவது பிறந்த வீடு. அப்பனும் ஆத்தாளும் போனபின் அங்கே தனக்கு என்ன இடம், அண்ணன் மனைவி ஒரு வாய்த் தண்ணீர் தருவாளா என்ற ஏக்கம். மற்ற நாளில் இதை வாய்விட்டுச் சொன்னால் சண்டை. இழவு வீட்டில் ராகத்தோடு சொன்னால் எவரும் தடுக்க முடியாது. ஊரே சாட்சியாக உட்கார்ந்திருக்கிறது. குரலை உயர்த்தி, உடம்பைக் குலுக்கி அழுவதால்தான் அந்த உரிமை கிடைக்கிறது; அடக்கமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தால் கிடைக்காது.

அந்தப் பிறந்த வீட்டில் சட்டப்படி மகளுக்கும் பங்கு உண்டு. பூர்வீகச் சொத்தில் மகனுக்கு நிகரான உரிமையை இந்து மகள்களுக்குத் தமிழ்நாடு 1989இல் வழங்கியது. அதற்கு முன்பே மணமானவர்களுக்கு அது பொருந்தவில்லை. 2005இல் வந்த மத்திய சட்டத் திருத்தம் அந்த வேறுபாட்டை நீக்கியது. ஆனாலும் உறவு அறுந்துவிடக் கூடாதே என்று அண்ணன் தம்பிக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கும் பெண்கள் இன்றும் இருக்கிறார்கள். பத்திரப் பதிவு அலுவலகத்தில் பேசாமல் கையெழுத்துப் போடுகிறவர் இழவு வீட்டில் கதறுவதில் என்ன மிகை?

இப்போது பல ஊர்களில் கூலிக்குப் பாடும் ஒப்பாரிக் குழுக்கள் ஒலிபெருக்கியோடு வருகின்றன. அந்தக் கலைஞர்களைக் குறை சொல்ல ஏதுமில்லை. அது அவர்கள் பிழைப்பு. ஆனால் அவர்களது பாட்டு எந்த வீட்டுக்கும் பொருந்துகிற பாட்டு. அந்த வீட்டு மகள் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருப்பார். அவருடைய வழக்கை அவரைத் தவிர வேறு யார் பாட முடியும்? அவரே வாய்திறந்து அழத் தொடங்கினால், மற்றவர்கள் கைபேசியை மடக்கிவிட்டு வரிகளைக் கேட்கட்டும். பாகம் பிரிக்கப்போகும் அண்ணன் தம்பிகள் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கட்டும்.