வண்டியைக் கொடுத்தால் கடன் முடிஞ்சுதா?



ஊரில் யாருக்காவது லீசிங் எடுக்கப் பிணையாள் தேவைப்பட்டால் முதலில் தேடுவது அரசாங்க ஆசிரியரைத்தான். மாதச் சம்பளம் இருக்கிறது, ஓடிப்போகவும் மாட்டார். அதனால் வேலை போய்த் தவணை கட்ட வழியில்லாமல் நிற்பவர்களின் கதை எங்கள் ஸ்டாஃப் ரூமுக்கும் வந்துவிடுகிறது.

அநேகம் பேர் செய்வது ஒன்றுதான். மூன்று நான்கு மாதம் கொம்பனியின் போனை எடுப்பதில்லை. பிறகு, சந்தியில் வைத்து சீஸ் பண்ணி மானம் போவதை விட நாமே கொடுத்துவிடுவோம் என்று சாவியை நீட்டிவிட்டு வருகிறார்கள். கையில் ஒரு துண்டுக் கடிதம்கூட இல்லை. "கொடுத்தாச்சு, அதோட முடிஞ்சுது" என்கிறார்கள்.

முடியவில்லை. மீதிக் கடன் 9 இலட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டோ ஏலத்தில் ஆறரை இலட்சத்துக்குப் போகிறது. மிச்ச இரண்டரை இலட்சமும் தாமதக் கட்டணமும் பெரும்பாலான ஒப்பந்தங்களின்படி உங்கள் தலையில்தான். நீங்கள் கட்டாவிட்டால் பிணை வைத்த மச்சானிடம் போவார்கள், அல்லது அந்த ஆசிரியரிடம். கிரிப் பதிவிலும் ஏறும்.

ஒப்படைப்பதைக் குறை சொல்லவில்லை. வருமானமே இல்லாதபோது சில நேரம் அதுதான் புத்தி. ஆனால் அதை வெட்கத்தோடு செய்யாமல் பேரம் பேசிச் செய்யுங்கள். முதல் தவணை தவறும்போதே போய், வேலை போன கடிதத்தைக் காட்டித் தவணையை மாற்றித் தரக் கேளுங்கள். முடியாது என்றால், இன்றைக்கு முழுதாக முடிக்க எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் நிறுவனம்தான், ஒளித்து விற்க முடியாது. அவர்களுடைய சம்மதத்தோடு நீங்களே ஆள் பிடித்து விற்றால் பெரும்பாலும் ஏலத்தை விட நல்ல விலை கிடைக்கும்.

அதுவும் சரிவரவில்லை என்றால் மட்டும் ஒப்படையுங்கள். திகதி, மீற்றர், டயர், பெற்றரி எல்லாம் எழுதி, படம் எடுத்து, பிரதியில் முத்திரை வாங்குங்கள். விற்ற பிறகு கணக்குக் கேளுங்கள். 2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய வாகனங்களின் விலை எப்படி ஏறியது என்று நமக்குத் தெரியும். அந்தக் காலத்தில் கொடுத்த சில வண்டிகள் கடனை விடக் கூடுதலாகவே போயிருக்கும். மிச்சம் எனக்கு எவ்வளவு என்று கேட்டவர்கள் எத்தனை பேர்?

நிறுவனம் பதில் தராவிட்டால், எழுத்தில் முறையிட்ட பிரதியோடு மத்திய வங்கியின் நிதிசார் நுகர்வோர் பிரிவுக்குப் போங்கள். தொலைபேசி 1935. "இஜாரா" என்று எடுத்தவர்களும் இதே கேள்விகளைக் கேட்க வேண்டும். பெயர் மாறினால் ஒப்பந்தம் தானாக இலேசாகிவிடாது.

பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கும் ஒரு வார்த்தை. ஸகாத்தில் ஓட்டோ வாங்கிக் கொடுத்துப் படம் போடுகிறோம். ஸகாத் பெறும் எட்டுக் கூட்டத்தாரில் கடனாளியும் இருக்கிறார். ஏற்கெனவே ஓட்டோ வைத்திருப்பவரின் மூன்று தவணையைக் கட்டி அதைக் காப்பாற்றுவது புதிதாக ஒன்று வாங்குவதை விட மலிவு. வட்டி லீசிங்குக்கு இது எப்படி என்று உலமாக்களிடம் கேட்டுத் தெளிவோம். கேட்காமலேயே அந்த விண்ணப்பங்களை ஒதுக்கி வைக்காதீர்கள்.