மலிவு விலையில் வேட்டையாம்! விலை கொடுப்பவன் யார்?



சென்ற மாதம் நம் சங்கத்துச் சகோதரி ஒருவர், தாம் வீட்டுவேலை செய்கிற பங்களாவின் பழைய பேப்பர்க் கட்டிலிருந்து வழவழப்பான வண்ணப் பிரசுரம் ஒன்றை எடுத்துவந்தார். மகனின் நோட்டுப் புத்தகத்துக்கு அட்டை போடத்தான். அட்டை போடுமுன் பையன் அதைப் படித்துவிட்டான். நேரே சங்க அலுவலகத்துக்கு வந்து, "மாமா, இது நிஜமா?" என்று நீட்டினான்.

குடும்பத்தோடு மத்தியதரைக் கடல் ஓரம் சுற்றுலா. மனைவி மக்கள் கடற்கரையில் வெயில் காயலாம். குடும்பத்தலைவர் அங்கிருந்து ஆப்பிரிக்காவுக்குப் பறந்து போய்ச் சிங்கமோ காட்டெருமையோ சுட்டுவிட்டுத் திரும்பலாம். எல்லாம் "கட்டுப்படியாகும் விலையில்"!

கட்டுப்படியாகும் விலையாம்! யாருக்குக் கட்டுப்படியாகும் என்பதே நம் கேள்வி.

2015இல் ஜிம்பாப்வே நாட்டில் சிசில் என்று பெயரிட்டு எல்லோரும் அறிந்திருந்த சிங்கத்தை அமெரிக்கப் பல் வைத்தியர் ஒருவர் கொன்றார். அந்த வேட்டைக்கு அவர் கொடுத்தது ஏறத்தாழ 50,000 டாலர் என்று பத்திரிகைகள் எழுதின. அன்றைய மதிப்பில் 32 லட்சம் ரூபாய்! மாதம் 10,000 ரூபாய்க்குப் பாத்திரம் தேய்க்கிற நம் சகோதரி, ஒரு பைசா செலவழிக்காமல் 26 வருஷம் தேய்த்தாலும் அந்தத் தொகை சேராது. அவர் தூசி தட்டுகிற வீட்டில் அதற்குப் பெயர் பொழுதுபோக்கு.

மத்தியதரைக் கடலைச் சுற்றிச் சிங்கம் இல்லாமற் போனது ஏன்? ஒரு காலத்தில் வட ஆப்பிரிக்காவில் இருந்தது. ரோமாபுரிச் சீமான்கள் அதைப் பிடித்து வந்து வட்டரங்கத்தில் கொன்று கைதட்டினார்கள். கி.பி. 80இல் கொலோசியம் திறந்த விழாவில் 9,000 விலங்குகள் கொல்லப்பட்டதாக அவர்கள் சரித்திரக்காரரே எழுதிவைத்திருக்கிறார். மிச்சமிருந்தவற்றையும் பிற்காலத்துத் துப்பாக்கிகள் தீர்த்துக்கட்டின. தம் வாசலில் தீர்ந்துபோனதைப் பிறர் வாசலில் தேடுவது சீமான்களின் பழக்கம்.

ஸ்பெயின் அரசராக இருந்த வான் கார்லோஸ் கதையைக் கேளுங்கள். 2012இல் அந்நாட்டில் வேலை தேடிய இளைஞரில் பாதிப்பேருக்கு வேலையில்லை. அந்த நேரத்தில் அரசர் போட்ஸ்வானாவில் யானை வேட்டைக்குப் போனார். போன இடத்தில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததால்தான் விஷயம் வெளியே வந்தது! வனவிலங்குகளைக் காக்கிற பெரிய அமைப்பொன்றின் ஸ்பெயின் கிளைக்கு அவரே கௌரவத் தலைவர். மக்கள் கொதித்தெழுந்தார்கள். அரசர் மன்னிப்புக் கேட்டார். கௌரவப் பதவியும் பறிபோனது.

இதெல்லாம் கடல் கடந்த கதை, நமக்கென்ன என்று கேட்காதீர்கள். நாம் குடியிருக்கிற ஊரைச் சுற்றிலும் நடந்தது இதுவேதான்.

1911இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் டில்லி தர்பார் முடிந்ததும் நேபாளக் காட்டுக்குப் போனார். பத்தே நாளில் அவர் கூட்டம் 39 புலிகளைச் சுட்டது. மைசூர் ராஜ்யத்துக் காக்கனகோட்டையில் கெத்தா என்ற பெயரில் காட்டு யானைகளைக் கபினி ஆற்றில் இறக்கி வளைத்துப் பிடித்தார்கள். வைசிராய்மாருக்கு அது வேடிக்கை. கூச்சலிட்டுப் பறையடித்து யானைக்கூட்டத்தை விரட்டியவர்கள் யார்? குறும்பப் பழங்குடி மக்கள்! துரைமார் உட்கார்ந்தது மேடையில். அவர்கள் நின்றது யானையின் காலடியில். கடைசிக் கெத்தா 1971இல் நடந்தது.

தளி, அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, பெண்ணாகரத்திலிருந்து பெங்களூருக்குப் பிழைக்க வந்த குடும்பங்கள் நம்மில் எத்தனை! ஜவளகிரிக் காட்டில் புலி சுட்ட கென்னத் ஆண்டர்சன் துரை இந்தப் பெங்களூரில் வாழ்ந்து 1974இல் இறந்தவர். அவர் புத்தகங்கள் இன்றும் விற்கின்றன. ஆட்கொல்லிப் புலியைச் சுட்டு ஊரைக் காத்தார் என்பதை நாம் மறுக்கவில்லை. தமக்குத் துணைநின்ற பைரா, ரங்கா போன்றவர்களை அவரே மனம்விட்டுப் பாராட்டியும் இருக்கிறார். ஆனால் தடம் பார்த்தவன், பரண் கட்டியவன், எருமைக்கன்றை இழுத்துப்போய்க் கட்டியவன், இவர்கள் பேரப்பிள்ளைகள் இன்று எங்கே? சித்தாள் வேலைக்குக் காலையில் வரிசையில் நிற்கிறார்கள்!

1970இல் புலி வேட்டைக்குத் தடை வந்தது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1973இல் புலிகள் காப்பகத் திட்டத்தில் பந்திப்பூர் சேர்ந்தது. நல்ல சட்டம், தேவையான சட்டம். நாம் அதை வரவேற்கிறோம். ஆனால் சட்டத்தின் தடி யார் முதுகில் விழுந்தது? ஆயிரம் புலிக்கு மேல் சுட்ட மகாராஜாவின் மாளிகையில் புலித்தலை அப்படியே தொங்குகிறது. தேன் எடுத்துப் பிழைத்த ஜேனு குறும்பரோ நாகரஹொளே காட்டிலிருந்து வெளியே தள்ளப்பட்டார்! அவர்களை வெளியேற்றிய அதே காட்டில் பெரிய ஓட்டல் கட்டக் குத்தகை கொடுத்தார்கள். பழங்குடிச் சங்கம் வழக்குப் போட்டது. 1997இல் கர்நாடக உயர்நீதிமன்றம் அந்தக் குத்தகை செல்லாது என்றது. போராடினால் கிடைக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

வேட்டைக்காரர் தரப்பிலும் ஒரு வாதம் உண்டு. "நாங்கள் கட்டுகிற பணம் காட்டைக் காக்கிறது, ஊராருக்கும் போகிறது" என்பார்கள். நமீபியாவில் 1996 சட்டத்தின்படி ஊர் மக்களே தங்கள் பகுதி விலங்குகளை நிர்வகித்து, அதில் வரும் பணத்தையும் இறைச்சியையும் பெறுகிறார்கள் என்பது உண்மை. காட்டை ஆள்வது அந்த ஊராரே என்றால் தீர்ப்பும் அவர்களுடையது. நாம் குறுக்கே பேச மாட்டோம். ஆனால் அந்த ஏற்பாட்டைக் காட்டி, ஊராருக்கு ஓர் உரிமையும் இல்லாத இடத்தில் துப்பாக்கி தூக்குகிறவனுக்கு நியாயம் பேசாதீர்கள்!

இப்போது நம் வீட்டுக் கதை. அஞ்செட்டிப் பக்கத்துப் பையன், இங்கே கட்டட வேலை. பொங்கல் லீவில் அவனையும் இன்னும் இருவரையும் ஒரு காண்டிராக்டர் ஜீப்பில் ஏற்றிப்போனார். "சும்மா ஒரு பன்றி, ஆளுக்கு 500 ரூபாய், கறியும் உண்டு." துப்பாக்கி காண்டிராக்டருடையது. டார்ச் பிடித்தது பையன். வனக் காவலர் வந்ததும் ஜீப் பறந்துவிட்டது. பிடிபட்டது டார்ச் பிடித்தவன்! ஆறு வாரம் சிறை. ஜாமீனுக்குத் தாயின் கம்மல் அடகுக் கடைக்குப் போனது. காண்டிராக்டரைக் கேட்டால், "யார் அவன்? எனக்குத் தெரியாதே" என்றார்.

500 ரூபாய் வேட்டை! இதைவிட மலிவு உண்டா? மலிவு வேட்டை என்று உலகத்தில் ஒன்று கிடையாது, தோழர்களே. சுடுகிறவன் கொடுக்காத மிச்ச விலையை வேறொருவன் கொடுக்கிறான். பறையடித்தவன் உயிராகக் கொடுத்தான். காட்டுவாசி வீடாகக் கொடுத்தான். நம் பையன் ஆறு வாரச் சிறையாகக் கொடுத்தான்.

ஆகவே சங்கம் சொல்வது இதுதான்.

முதலாளி, மேஸ்திரி, சொந்தக்காரர், யார் கூப்பிட்டாலும் வேட்டைக்குத் துணை போகாதீர்கள். சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கென்றால் மூன்று வருஷத்துக்குக் குறையாத சிறை, ஏழு வருஷம் வரை போகும். மயிலும் அந்த அட்டவணையில்தான் இருக்கிறது! வற்புறுத்தினால் உடனே சங்கத்தில் சொல்லுங்கள்.

சொந்த ஊரில் யானை பயிரை மிதித்ததா, உயிரைப் பறித்ததா? நிவாரணம் பிச்சை அல்ல, உரிமை. நிலக் காகிதம், போட்டோ, போலீஸ் புகார் நகல் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலை அலுவலகத்துக்கு வாருங்கள். மனு எழுத நாங்கள் இருக்கிறோம். ரயில்வேயில் இத்தனை வருஷம் பாரம் நிரப்பிய கை, இதற்கும் உதவும்.

மூன்றாவது, நம் பிள்ளைகளும் காட்டைப் பார்க்க வேண்டும். மகாராஜா வேட்டையாடிய காராபுரத்து விடுதியில் ஓர் இரவு தங்க நம்மால் முடியாது. பன்னேர்கட்டாவுக்கு டவுன் பஸ் போகிறது. புளிச்சோறு கட்டிக்கொண்டு எல்லாக் குடும்பமும் ஒன்றாகப் போவோம். பிரசுரம் கொண்டுவந்த பையன் முதல் ஜன்னல் ஓரத்தில் உட்காரட்டும். சிங்கத்தை அவன் உயிரோடு பார்க்கட்டும்!

அந்தப் பிரசுரத்தையும் நாம் வீணாக்கவில்லை. படம் உள்ளே போகும்படி மடித்து, அவன் கணக்கு நோட்டுக்கே அட்டை போட்டாயிற்று.