கயிறு நல்லாத்தானே இருக்கு?

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வெளியே வந்தது 1998-ல். ஒரகடத்தில் ரெனோ நிசான் 2010, டெய்ம்லர் லாரி 2012, ராயல் என்ஃபீல்டு 2013 என்று வரிசையாக வந்தார்கள். அவர்களை நம்பிச் சின்னப் பட்டறைகளும், படப்பை, மண்ணிவாக்கம் வரைக்கும் அடுக்குமாடிகளும் எழுந்தன. அன்றைக்கு நம் பக்கத்தில் ஏற்றி நிறுத்திய இரும்புக்கெல்லாம் இப்போது பத்து, பதினைந்து வயது. இரும்பு கிடக்கட்டும், அதைப் பிடித்துக்கொண்டிருக்கிற கம்பிக் கயிறுகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை. மெயின்டனன்ஸில் காலம் தள்ளியவனுக்கு வேறு என்ன கவலை வரும்?

கம்பிக் கயிற்றில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று ஓடுகிற கயிறு. கிரேன் டிரம்மில் சுற்றி அவிழ்வது, லிஃப்டைத் தூக்கி இறக்குவது. மற்றது நிற்கிற கயிறு. இ.பி. போஸ்ட்டை இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பியை எல்லோருக்கும் தெரியும், பாதிப் பேர் அதில்தான் ஆட்டைக் கட்டுவார்கள். மொபைல் கிரேனின் பூமைத் தாங்கும் கயிறு, மொட்டைமாடி டவரை நாலு பக்கமும் பிடித்திருக்கும் கம்பி எல்லாம் இதே ஜாதி. பாய்மரப் படகில் மரம் சாயாமல் முன்னும் பின்னும் பிடிக்கிற கம்பிக்கும் ஸ்டே என்றுதான் பெயர். சென்னையில் 1911-லிருந்து இருக்கிற ராயல் மெட்ராஸ் யாட் கிளப் போன்ற இடங்களில் படகு வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கம்பியை எப்போது மாற்றுவது என்பது தீராத வழக்கு.

ஓடுகிற கயிற்றுக்கு ஓரளவு மரியாதை கிடைக்கிறது. தேய்வது கண்ணுக்குத் தெரியும், கிரீஸ் போட ஒரு ஆள் வருவான், காட்டன் வேஸ்ட்டை வைத்து இழுத்தால் அறுந்த இழை பஞ்சைப் பிடித்துக்கொள்ளும். (வெறும் கையால் இழுத்துப் பார்ப்பவனுக்கு அன்றே புத்தி வந்துவிடும்.) நிற்கிற கயிறு எந்த வேலையும் செய்வதாகத் தெரியாது. அதனால் யாரும் அதை ஏறிட்டுப் பார்ப்பதில்லை. என் கட்சி என்னவென்றால், முதலில் பார்க்க வேண்டியதும், முதலில் தேதி குறித்து மாற்ற வேண்டியதும் அதைத்தான்.

இது என் சொந்தக் கற்பனை இல்லை. மொபைல் கிரேனுக்கான அமெரிக்க விதியைப் பாருங்கள். கயிற்றில் ஒரு புரி முழுதாக ஒரு சுற்றுச் சுற்றி வரும் நீளத்தை ஒரு 'லே' என்போம். ஓடுகிற கயிற்றில் ஒரு லே நீளத்துக்குள் அங்கங்கே 6 இழை, அல்லது ஒரே புரியில் 3 இழை அறுந்திருந்தால் கழித்துவிட வேண்டும். நிற்கிற கயிற்றுக்கோ 2-க்கு மேல் போனாலே கழிவு. அதன் முனையில், அதாவது சாக்கெட்டில் மாட்டியிருக்கும் இடத்தில், ஒன்றுக்கு மேல் போனாலே கழிவு. ஆறு, இரண்டு, ஒன்று. ஆபத்து எங்கே குடியிருக்கிறது என்று இந்த எண்களே சொல்லிவிடும்.

1834-ல் ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலைச் சுரங்கத்தில் ஆல்பெர்ட் என்கிற அதிகாரி கம்பிக் கயிற்றைக் கொண்டுவந்ததே சங்கிலிக்குப் பயந்துதான். சங்கிலியில் ஒரு கண்ணி போனால் எல்லாம் போச்சு, முன்னறிவிப்பே இருக்காது. கயிறு அப்படியில்லை, ஒவ்வோர் இழையாக அறுந்து சொல்லிவிட்டுத்தான் போகும். ஆனால் முனையில் அது சொல்வது நம் காதில் விழாது. ஸ்டே கம்பி மண்ணுக்குள் நுழைகிற இடத்தில்தான் முதலில் துருவேறும். படகில் எவர்சில்வர் கம்பி பளபளவென்றே இருக்கும், முனையில் அழுத்திப் பொருத்திய குழலுக்குள் உப்புத் தண்ணீர் தங்கி உள்ளேயே அரித்துக்கொண்டிருக்கும். அதனால்தான் கம்பி எவ்வளவு மினுக்கினாலும் பத்து, பதினைந்து வருஷம் ஆனால் வெளிநாட்டு இன்ஷூரன்ஸ்காரர்கள் மாற்றினாயா என்று கேட்கிறார்கள்.

2025 செப்டம்பர் 3 அன்று லிஸ்பன் நகரத்தில் குளோரியா என்கிற மலைச்சரிவு டிராமின் கேபிள் அறுந்து 16 பேர் இறந்தார்கள். அந்தக் கேபிளுக்கு 600 நாள் ஆயுள் என்று குறித்திருந்தார்கள். அறுந்தபோது 337 நாள்தான் ஆகியிருந்தது. அன்று காலையிலும் ஆள் பார்த்திருக்கிறார், குறை எதுவும் தெரியவில்லை. அறுந்த இடம் பெட்டியோடு கேபிளைப் பூட்டியிருக்கும் முனை, கழற்றினால் ஒழியக் கண்ணில் படாது. ஆட்களை ஏற்றுவதற்குச் சான்று பெறாத ரகக் கேபிளைப் போட்டிருந்தார்கள் என்பதும் பிறகு விசாரணையில் வந்தது. ஆக, தேதி குறித்தால் மட்டும் போதாது. சரியான ரகம்தானா என்று வாங்கும்போதே பார்க்க வேண்டும், முனையை அவ்வப்போது கழற்றியும் பார்க்க வேண்டும். தேதியே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் குஜராத்தின் மோர்பி தொங்குபாலம் இருக்கிறது. நடைதளத்தைப் புதிதாக்கினார்கள், பழைய கேபிளை அப்படியே விட்டார்கள். திறந்த சில நாளில், 2022 அக்டோபர் 30 அன்று, 135 பேர் போனார்கள். ஒரு கேபிளில் 49 கம்பி, அதில் 22 கம்பி விபத்துக்கு முன்பே துருப்பிடித்திருந்தது என்று விசாரணைக் குழு எழுதியது. தளத்துக்குப் பெயின்ட் அடித்தால் படத்தில் நன்றாக விழும், கேபிளை மாற்றினால் யாருக்குத் தெரியும்?

நம் ஊரில் இதைச் சரியாகச் செய்கிற இடம் எது என்று கேட்டால் பழநியைச் சொல்வேன். 2004-ல் தொடங்கிய ரோப் காரில் 2007 ஆகஸ்டில் விபத்து நடந்து உயிர்கள் போயின. இப்போது மாதம் ஒரு நாள், வருஷத்தில் மாதக்கணக்கில் ஒரு முறை என்று நிறுத்திவிடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் பேப்பரில் செய்தி வருகிறது, முழங்கால் வலிக்காரர்கள் முணுமுணுக்கிறார்கள். எனக்கும் முழங்கால் வலிதான். ஆனாலும் அந்த அறிவிப்பைப் பார்த்தால் சந்தோஷமாக இருக்கிறது.

தொழிற்சாலைக்குள் இதற்குச் சட்டம் இருக்கிறது. 2025 வரை நடப்பில் இருந்த 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டம் 29-ஆம் பிரிவின்படி, தூக்கும் இயந்திரம், சங்கிலி, கயிறு எல்லாவற்றையும் 12 மாதத்துக்கு ஒரு முறையாவது தகுதியுள்ள ஆள் சோதித்து எழுதி வைக்க வேண்டியிருந்தது. ஆனால் மாற்றுவது என்று வரும்போதுதான் பேரம் நடக்கும். "இந்த ஷிஃப்ட் முடியட்டும் சார்", "மாதக் கடைசி டிஸ்பாட்ச் போகட்டும்", "நல்லாத்தானே சார் இருக்கு". சொல்பவர் கெட்டவர் இல்லை, அவர் தலையில் வேறு சுமை. அதனால்தான் சொல்கிறேன், கயிற்றை எப்போது மாற்றுவது என்கிற முடிவைக் கயிறு பழசான பிறகு எடுக்கக் கூடாது. மாட்டுகிற அன்றே, யாருக்கும் அவசரம் இல்லாத நேரத்தில், பதிவேட்டில் எழுதி வைத்துவிட வேண்டும்: எந்தத் தேதி, எத்தனை இழை, எவ்வளவு விட்டம் குறைந்தால், எப்போது முனையைக் கழற்றிப் பார்ப்பது என்று. அந்த நாள் வந்தால் பிறகு பேச்சு கிடையாது.

வாழ்நாள் முழுக்க இரும்புச் சுருளுக்கும் டைக்கும் இந்தக் கட்டுப்பாட்டோடு இருந்தவர்கள், ஓய்வு பெற்று அடுக்குமாடிக்கு வந்ததும் எல்லாவற்றையும் மறந்துவிடுகிறார்கள். அசோசியேஷன் கூட்டத்தில் லிஃப்ட் ரோப் மாற்ற எஸ்டிமேட் வந்தால் முதலில் எதிர்ப்பவர்கள் முன்னாள் என்ஜினியர்களாகவே இருப்பதை மூன்று குடியிருப்புகளில் பார்த்துவிட்டேன். லிஃப்டில் பல ரோப் இருக்கிறது, ஒன்று போனாலும் விழாது என்பார்கள். உண்மைதான். விழாமல் பிடிக்கும் பூட்டை 1854-லேயே நியூயார்க்கில் ஓட்டிஸ் செய்து காட்டிவிட்டார். ஆனால் அந்தப் பூட்டை இழுத்துவிடுவதும் கவர்னரில் ஓடும் ஒரு மெல்லிய கயிறுதான். அதை யார் பார்த்தார்கள் என்று கேட்டால் கூட்டம் அமைதியாகிவிடும்.

அவர்கள் சந்தேகத்தில் நியாயமும் இருக்கிறது. ஏ.எம்.சி. கம்பெனி சொன்னது என்பதற்காகவே நல்ல ரோப்பைக் கழிக்கக் கூடாது. எண்ணைக் கேளுங்கள். ஒரு லே நீளத்தில் எத்தனை இழை அறுந்திருக்கிறது? வெர்னியரில் விட்டம் எவ்வளவு? (புரிகளின் முதுகுக்கு முதுகு வைத்து அளக்க வேண்டும், பள்ளத்தில் வைத்தால் கணக்குத் தப்பும்.) நார் உள்ளீடு வைத்த கிரேன் ரோப்பில் விட்டம் 10 சதவீதம் குறைந்தால் கழிவு என்பது உலக வழக்கு, லிஃப்டுக்கு அதன் தயாரிப்பாளர் கொடுத்த அளவைக் கேட்க வேண்டும். புல்லி பக்கத்தில் சிவப்புத் தூள் படிந்திருக்கிறதா? அது வெறும் தூசி இல்லை, கயிறு உள்ளே தன்னைத்தானே அரைத்துக்கொள்கிறது. எண்ணைக் காட்டினால் பணத்தைக் கொடுங்கள், காட்டாவிட்டால் வேறு ஆளைக் கூப்பிடுங்கள். மாற்றினால் எல்லா ரோப்பையும் ஒரே செட்டாக மாற்றுங்கள். பழசும் புதுசும் கலந்தால் இழுவை சமமாக இருக்காது.

இன்னொரு விஷயம். கழித்த ரோப்பை முழு நீளமாக ஸ்கிராப்பில் போடாதீர்கள். இங்கே வண்டலூர் – வாலாஜாபாத் ரோட்டுப் பக்கம் காயலான் கடைக்குப் போகிற ரோப் அடுத்த வாரமே பஞ்சரான லாரியை இழுக்கப் போகும், இல்லாவிட்டால் ஃபிளெக்ஸ் பேனருக்கு ஸ்டே கம்பியாக நிற்கும். கிரைண்டர் வைத்து ஒரு மீட்டர், ஒரு மீட்டராக வெட்டிப் போடச் சொல்லுங்கள். கடைக்காரர் விலையைக் குறைப்பார், குறைக்கட்டும்.