பழைய வண்டியும் பழைய வர்ணமும்

பழமையைப் போற்றுதல் வேறு. பழமையைப் புனைதல் வேறு. இவ்வேற்றுமை ஏட்டுச்சுவடியில் மட்டுமன்றி மோட்டார் வண்டியின் மேற்பூச்சிலும் புலப்படும் என்று யாம் கூறின் நண்பர்கள் சிலர் நகைத்தல் கூடும். நகைப்பினும் அமையும், எம் கருத்தைச் சிறிது கேட்பாராக.

மேனாடுகளிற் பழைய மோட்டார் வண்டிகளைச் செப்பனிட்டு முதல்நிலைக்குக் கொணர்வோர் பலர் உளர். அவருட் சிலர் இயந்திரத்தின் சிற்றாணியையும் தேடி அலைவர். நிறத்தையும் கோட்டையுமோ தம் மனம்போனவாறு அமைத்துவிடுவர். இது தகாது என்பதே எம் துணிபு.

ஃபோர்டு கம்பெனியாரின் 'மாடல் டி' வண்டி கறுப்பன்றி வேறு நிறத்தில் விற்கப்படவில்லை என்பது பலரும் நம்பும் கதை. உண்மை அஃதன்று. 1908ஆம் ஆண்டில் வெளிவந்த அவ்வண்டி, முதலாண்டுகளிற் சிவப்பு, பச்சை, சாம்பல் முதலிய நிறங்களைப் பூண்டிருந்தது. கறுப்பொன்றே நின்ற காலம் 1914 முதல் 1925 வரையேயாம். 1926ஆம் ஆண்டு மாதிரியிற் பிற நிறங்கள் மீண்டும் தோன்றின. ஆகவே, 1909ஆம் ஆண்டு வண்டிக்குக் கறுப்புப் பூசுவோன் செவிவழிக் கதையைப் பூசுகின்றானேயன்றி வரலாற்றைப் பூசுகின்றானல்லன்.

நிறத்தினும் கோடு நுட்பமானது. அமெரிக்கராகிய கரோல் ஷெல்பி என்பார், ஃபோர்டு மஸ்டாங் வண்டியைத் திருத்தி, 1965ஆம் ஆண்டில் 'ஜி.டி.350' என்னும் பெயரால் விற்றார். அவ்வாண்டில் விற்பனைக்கு வந்தவை வெள்ளை நிறமும், கதவின் கீழே நெடுக ஓடும் நீலக் கோடும் உடையன. என்ஜின் மூடி தொடங்கிக் கூரைவழியே பின்புறம்வரை செல்லும் இரண்டு அகன்ற நீலப் பட்டைகளோ எல்லா வண்டிக்கும் இடப்பட்டனவல்ல, விரும்பினோர்க்கே இடப்பட்டன, விற்பனை ஏஜெண்டுகள் பின்னர்த் தீட்டியனவும் உண்டு. பட்டையின்றிப் பிறந்த வண்டிக்கு அழகு கருதி இன்று பட்டை தீட்டுதல், புலவர் வழக்கிற் கூறின், இடைச்செருகலேயன்றோ?

மெய்ந்நிறத்தை அறிதற்கு வழி இல்லாமலில்லை. அக்காலத்து மஸ்டாங் வண்டியின் கதவிற் பதித்த தகட்டில் 'எம்' என்னும் எழுத்து இருப்பின் அது 'விம்பிள்டன் வெள்ளை'யைக் குறிக்கும். ஆயினும் தகடு நிறத்தின் பெயரைச் சொல்லுமேயன்றிச் சாயலைக் காட்டாது. வெளிப்புறமோ வெயிலால் வெளிறியிருக்கும். ஆதலின் ரப்பர் விளிம்பின் அடியிலும், உட்தகடுகளின் பின்னும் வெயில் படாத பூச்சைத் தேடல் வேண்டும். மெல்லிய உப்புத்தாளால் ஓரிடத்தைத் தேய்ப்பின், பின்னர்ப் பூசிய பூச்சுக்கள் மரத்தின் வளையங்கள்போல ஒன்றன்கீழ் ஒன்றாகத் தோன்றும். கோட்டின் அகலத்தையும் இடைவெளியையும் சுரண்டுமுன் தாளிற் படியெடுத்தல் வேண்டும். சுரண்டியபின் சான்று ஏது?

'வண்டி என்னுடையது, என் விருப்பம்போற் பூசுவேன்' என்பார்க்கு யாம் மறுப்புக் கூறோம். அவர் அதனை 'முதல்நிலை வண்டி' என்று அழைப்பதையே மறுக்கின்றோம். பழைய பூச்சுக்களிற் சில ஈயம் கலந்தவை. அப்பொருளையே இன்று பூசுக என்பதும் எம் கருத்தன்று. புதுப்பொருளாற் பழஞ்சாயலைக் கொணர்க. கொணர்ந்த வகையை எழுதிவைக்க. தொழிற்சாலைப் பூச்சு நாரத்தைத் தோல்போலச் சிறிது மேடுபள்ளமாய் இருந்திருப்பின் அங்ஙனமே விடுக. கண்ணாடிபோல் மினுக்குதல் வேண்டா. ஏஜெண்டு தீட்டிய பட்டை இன்றும் உளதாயின் அதனையும் அழியாது காக்க. அதுவும் வண்டியின் வரலாறே.

பழைய வண்டிச் சங்கங்களின் உலகக் கூட்டமைப்பாகிய 'ஃபிவா' உறுதிசெய்த டூரின் சாசனமும், இருப்பதைப் பேணுதலை முதன்மையாகக் கொண்டு, செய்த மாற்றங்களைப் பதிவுசெய்யுமாறு கூறுகின்றது.

சுவடி பதிப்பிப்போன் தனக்கு இனிய சொல்லை மூலத்திற் புகுத்துவானாயின், பின்வருவோர் மூலத்தை எங்ஙனம் காண்பர்? வண்டியைச் செப்பனிடுவோனும் அத்தகைய பதிப்பாசிரியனே. முதற்பூச்சு ஒருமுறையே பூசப்பட்டது. மங்கியதாயினும் அது மெய் கூறும். அதனைச் சுரண்டுமுன் ஒருகணம் நின்று எண்ணுக என்பதே யாம் வேண்டுவது.